அகல் வெளிச்சத்தில் ஓடும் குழந்தை: போன் கேமராக்களை ஒப்பிடுவது எப்படி?

போன கார்த்திகை தீபத்தன்று தங்கை வீட்டில் இருந்தேன். வாசல்படியில் தொடங்கி மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் வரை வரிசையாக அகல் விளக்கு. ஐந்து வயது மருமகள் பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விளக்குக்கு விளக்கு ஓடிக்கொண்டிருந்தாள். தங்கை அந்த வாரம்தான் வாங்கியிருந்த போனில் பத்துப் பதினைந்து படம் எடுத்தாள். விளக்குகள் அத்தனையும் அழகாக விழுந்திருந்தன. கோலத்தின் புள்ளிகூடத் தெளிவாக இருந்தது. குழந்தை மட்டும் ஒரு படத்திலும் இல்லை. அவள் இருந்த இடத்தில் அரக்கு நிறத்தில் ஒரு தீற்றல்தான் இருந்தது.

"என்ன அண்ணே, ராத்திரியில சூப்பரா எடுக்கும்னு சொல்லித்தானே கடையில குடுத்தாங்க?" என்றாள்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அந்தப் போன் இரவில் நன்றாகத்தான் எடுக்கிறது, அசையாமல் இருக்கும் பொருளை. வேகத்துக்கும் அது நல்ல பெயர் வாங்கிய போன்தான், பகலில். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் தடுமாறுகிறது. அன்று இரவு தங்கைக்கு உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

போன் கேமராக்களை ஒப்பிடுகிறவர்கள் வேகம், குறைந்த வெளிச்சம், வீடியோ என்று மூன்று தலைப்பில் தனித்தனியாக மதிப்பெண் போடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மூன்றும் ஒரே பானைச் சோற்றைப் பங்கு போட்டுச் சாப்பிடுகிறவை. அந்தச் சோறு வெளிச்சம். பகலில் பானை நிறைந்திருக்கிறது, யாருக்கும் குறையில்லை; அதனால்தான் வெயிலில் எடுத்த படங்களை வைத்து 15,000 ரூபாய் போனையும் ஒரு லட்ச ரூபாய் போனையும் சட்டென்று பிரித்துச் சொல்ல முடிவதில்லை. பொழுது சாய்ந்த பிறகுதான் பங்குச் சண்டை ஆரம்பிக்கிறது.

எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். உச்சி வெயிலில் ஏறக்குறைய 1 லட்சம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். இரவில் டியூப்லைட் போட்ட கூடத்தில் 100, 150 லக்ஸ் இருந்தாலே பெரிது. ஒரு மெழுகுவத்தியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் கிடைப்பது சுமார் 1 லக்ஸ். நம் கண் எல்லாவற்றுக்கும் பழகிச் சமாளித்துக்கொள்வதால் இந்தச் சரிவு நமக்கு உறைப்பதே இல்லை. கேமராவுக்கு அந்த வசதி கிடையாது.

வெளிச்சத்தைச் சேர்க்கக் கேமராவுக்கு மூன்று வழி உண்டு. லென்ஸின் துவாரம் பெரிதாக இருக்கலாம். அதற்குப் பின்னால், ஒளியை வாங்கிப் படமாக்கும் சென்சார் பெரிதாக இருக்கலாம். இல்லையென்றால் அதிக நேரம் திறந்திருக்கலாம். முதல் இரண்டும் பெரும்பாலான போன்களில் தொழிற்சாலையிலேயே முடிவாகிவிட்டவை. பட்டனை அழுத்தும் தருணத்தில் போனின் கையில் மிஞ்சுவது நேரம் ஒன்றுதான். அதைத்தான் ஷட்டர் ஸ்பீடு என்கிறோம். வெயிலில் 1/2000 நொடி போதும். கூடத்துக்குள் வந்தால் 1/50, 1/30 என்று இறங்கும். அகல் விளக்குக்கு அதுவும் பற்றாது.

ஓடும் குழந்தை நொடிக்கு 3 மீட்டர் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். 1/30 நொடிக்குள் அவள் 10 செ.மீ. நகர்ந்துவிடுவாள். ஒரு குழந்தையின் முகத்தின் அகலமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். முகம் தன் அகலத்துக்கே இழுபட்டால் கண் எது, மூக்கு எது? 1/125 நொடி என்றால் நகர்வு 2.4 செ.மீ. 1/500 என்றால் 6 மி.மீ., அதைப் படம் ஓரளவு தாங்கும். தங்கையின் போன் அன்று நைட் மோடில் நொடிக்கணக்கில் வெளிச்சம் சேர்த்துக்கொண்டிருந்தது. குழந்தை அதற்குள் மூன்று விளக்கைத் தாண்டிவிட்டாள்.

நேரத்தையும் கூட்ட முடியாதபோது போன் ஐஎஸ்ஓவைக் கூட்டும். இது வெளிச்சத்தைக் கொண்டுவருவதில்லை. வந்த கொஞ்ச வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டுகிறது. தூரத்து ரேடியோ நிலையத்தைச் சத்தம் கூட்டிக் கேட்டால் பாட்டோடு இரைச்சலும் கூடுமே, அதுபோலப் படத்தில் புள்ளிப்புள்ளியாக ஒரு கரகரப்பு ஏறிவிடும்.

இந்த இரண்டு எண்களையும் நீங்களே பார்க்கலாம். கூகுள் போட்டோஸிலோ ஐபோனின் போட்டோஸ் ஆப்பிலோ ஒரு படத்தைத் திறந்து மேல்நோக்கித் தள்ளுங்கள். 1/33, ஐஎஸ்ஓ 1250 என்பதுபோல விவரம் வரும். ஒரே இடத்தில் இரண்டு போனில் எடுத்த படங்களை வைத்து இந்த எண்களைப் பார்த்தால், எந்தப் போன் எதை விட்டுக்கொடுத்து எதை வாங்கியிருக்கிறது என்பது புரிந்துவிடும். என்னைக் கேட்டால், போன் பெட்டியின் மேல் அச்சடித்த எந்த எண்ணையும்விட இது பயனுள்ளது.

வேகம் என்றால் எந்த வேகம்?

ஒருவர் "இந்த கேமரா ரொம்ப ஃபாஸ்ட்" என்று சொன்னால் எதைச் சொல்கிறார் என்று திருப்பிக் கேளுங்கள். ஆப் திறக்கும் வேகம், ஃபோகஸ் பிடிக்கும் வேகம், பட்டனைத் தொட்டதும் படம் விழும் வேகம், ஷட்டர் ஸ்பீடு ஆகிய நான்கும் வேறு வேறு. ஆப் திறப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது பிராசசரையும் மெமரியையும் பொறுத்த விஷயம், புதுப் போன்கள் பெரும்பாலும் சீக்கிரமே திறந்துவிடுகின்றன.

ஃபோகஸ் கதை கொஞ்சம் சுவையானது. பழைய போன்களில் லென்ஸ் முன்னும் பின்னும் நகர்ந்து, எங்கே கூர்மையாகத் தெரிகிறது என்று துழாவித் துழாவிக் கண்டுபிடிக்கும். 2014-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5 அந்த வேலையைச் சுருக்கியது. லென்ஸின் இடப்பக்கம் வழியாக வரும் காட்சியையும் வலப்பக்கம் வழியாக வரும் காட்சியையும் ஒப்பிட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு நகர வேண்டும் என்று அது நேரடியாகவே கணக்கிட்டது. நம் இரண்டு கண்களும் தூரத்தை அறிவதைப் போன்ற ஏற்பாடு இது. சென்சாரில் ஒளியைப் பிடிக்கும் நுண்ணிய புள்ளிகளான பிக்சல்களில் சில மட்டுமே அந்த வேலையைச் செய்தன. 2016-இல் கேலக்ஸி எஸ்7 ஒவ்வொரு பிக்சலையும் இரண்டாகப் பிரித்து அத்தனையையும் அந்த வேலைக்கு விட்டது. 'டூயல் பிக்சல்' என்று விளம்பரத்தில் வருவது இதுதான், இரண்டு மடங்கு பிக்சல் என்று பொருளில்லை. இருட்டில் இந்த முறையும் திணறும். ஒப்பிடப் போதுமான வெளிச்சம் இரண்டு பக்கமும் வர வேண்டுமே!

அப்புறம், பட்டனைத் தொடுவதற்கும் படம் விழுவதற்கும் நடுவில் இருக்கும் தாமதம். கேமரா ஆப் திறந்திருக்கும்போதே போன் உள்ளுக்குள் தொடர்ந்து படங்களை எடுத்து, பழையதை அழித்துக்கொண்டே இருக்கிறது. நீங்கள் தொட்டதும், தொட்ட நேரத்துக்குரிய படத்தைக் கையிருப்பிலிருந்து எடுத்துத் தருகிறது. அதனால்தான் பகலில் தாமதமே இல்லாததுபோல் தோன்றுகிறது. நைட் மோடில் இந்தத் தந்திரம் செல்லாது. கையிருப்பில் இருப்பவை குறைந்த நேரம் திறந்து எடுத்த இருண்ட படங்கள். நீண்ட நேரம் திறந்து எடுக்கும் வேலையை நீங்கள் தொட்ட பிறகுதான் ஆரம்பிக்க முடியும். குழந்தை சிரித்து முடித்திருப்பாள்.

இந்தத் தாமதத்தை வீட்டிலேயே அளக்கலாம். ஒரு போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிடுங்கள். இன்னொரு போனின் கேமராவை அதன் மேல் வைத்து, சரியாக 5.00 வரும்போது தொடுங்கள். படத்தில் 5.08 இருக்கிறதா, 5.40 இருக்கிறதா? நம் விரலும் கொஞ்சம் தவறும், திரை புதுப்பிக்கப்படவும் சிறிது நேரம் பிடிக்கும். ஆகவே பத்துத் தடவை எடுத்துச் சராசரி பாருங்கள். அதையே விளக்கை அணைத்துவிட்டு மறுபடி செய்யுங்கள். வெளிச்சத்தில் முந்தியதே இருட்டிலும் முந்தும் என்று நினைத்துவிடாதீர்கள்.

இருட்டில் என்ன நடக்கிறது?

கரகரப்பு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். தூறல் ஆரம்பிக்கும்போது முற்றத்துத் தளக்கற்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு கல்லில் மூன்று துளி விழுந்திருக்கும், பக்கத்துக் கல்லில் ஏழு. இரண்டும் ஒரே அளவு, ஒரே மழை. ஆனால் திட்டுத் திட்டாகத் தெரியும். மழை வலுத்த பிறகு எல்லாக் கல்லும் ஒன்றுபோல நனைந்துவிடும். ஒளியும் துளித்துளியாகத்தான் வருகிறது. ஒரு பிக்சலில் சராசரியாக 100 ஒளித்துகள் விழும் இடத்தில், தற்செயலாகவே பத்து கூடும் அல்லது குறையும். அதாவது 10 விழுக்காடு தடுமாற்றம். 10,000 துகள் விழுந்தால் தடுமாற்றம் 100, வெறும் 1 விழுக்காடு. சென்சார் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் இயற்கையின் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. அதிக ஒளியைச் சேர்ப்பது ஒன்றே வழி.

அதனால்தான் சென்சாரின் பரப்பளவு முக்கியம். இங்கே ஒரு குழப்பம் இருக்கிறது. சென்சார் அளவை 1/2 இஞ்ச், 1/1.3 இஞ்ச், 1 இஞ்ச் என்று சொல்வார்கள். பழைய டிவி கேமராக்களின் கண்ணாடிக் குழாய் விட்டத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த கணக்கு இது. ஷாவ்மி 12எஸ் அல்ட்ரா 2022-இல் 1 இஞ்ச் சென்சாரோடு வந்தது. அதன் மூலைவிட்டம் 25.4 மி.மீ. இல்லை, சுமார் 16 மி.மீ.தான். நீளம் 13.2, அகலம் 8.8 மி.மீ. சோனியின் ஐஎம்எக்ஸ்586 என்ற 1/2 இஞ்ச் சென்சார் நடுத்தர விலைப் போன்கள் பலவற்றில் இருந்தது. அது 6.4க்கு 4.8 மி.மீ. பெருக்கிப் பார்த்தால் ஒன்று 116 சதுர மி.மீ., மற்றது 31. கிட்டத்தட்ட நான்கு மடங்கு. பின்னத்தின் கீழே இருக்கும் எண் சிறியதாக இருந்தால் சென்சார் பெரியது என்று நினைவில் வைத்தால் போதும்.

லென்ஸ் துவாரத்துக்கும் அதே மாதிரி தலைகீழ்க் கணக்கு. எஃப் 1.8, எஃப் 2.8 என்றால் சின்ன எண்தான் பெரிய துவாரம். வர்க்கத்தில் மாறுவதால், 2.8-ஐவிட 1.8 சுமார் 2.4 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். போனின் மெயின் கேமரா இரவில் தாக்குப்பிடித்து, ஜூம் கேமரா சொதப்புவதற்கு இதுவும் சின்ன சென்சாரும்தான் காரணம். பல போன்கள் இருட்டில் நீங்கள் 3 மடங்கு ஜூமைத் தொட்டாலும் ஜூம் லென்ஸுக்குப் போகாமல், மெயின் கேமராவின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கித் தரும். சந்தேகமாக இருந்தால் ஜூம் லென்ஸை விரலால் மூடிப் பாருங்கள். திரையில் காட்சி மறையவில்லை என்றால் அது வேலை செய்யவில்லை.

மெகாபிக்சல்? நோக்கியா 808 பியூர்வியூ 2012-இலேயே 41 மெகாபிக்சல். ஆனால் அதன் பெருமைக்கு உண்மையான காரணம் 1/1.2 இஞ்ச் என்ற, அந்தக் காலத்துக்கு மிகப் பெரிய சென்சார். சாம்சங் எஸ்6-இல் 16 மெகாபிக்சல் இருந்தது, எஸ்7-இல் வேண்டுமென்றே 12 ஆகக் குறைத்துப் பிக்சலைப் பெரிதாக்கினார்கள். இன்றைய 48, 50, 200 மெகாபிக்சல் போன்களும் வழக்கமான படத்துக்கு நான்கையோ பதினாறையோ ஒன்றாகச் சேர்த்துப் பெரும்பாலும் 12 மெகாபிக்சல் அளவில்தான் தருகின்றன.

இனி நைட் மோடு. இதைப் பற்றிப் பேசும்போது எனக்கு உண்மையிலேயே வியப்பு வரும். கூகுள் 2018 நவம்பரில் 'பிக்சல்' என்ற பெயரில் விற்கும் தன் போன்களுக்கு 'நைட் சைட்' என்ற வசதியைக் கொடுத்தது. ஒரே ஒரு நீண்ட படம் எடுத்தால் கை நடுக்கத்தில் கெட்டுவிடும். ஆகவே அதிகபட்சம் 15 சிறு படங்களை அடுத்தடுத்து எடுத்து, ஒன்றின் மேல் ஒன்று பொருத்தி, சராசரி எடுக்கிறது. கையில் பிடித்திருந்தால் ஒவ்வொன்றும் 1/3 நொடியைத் தாண்டாது, ஸ்டாண்டில் வைத்தால் 1 நொடி வரை போகும். 9 படங்களைச் சேர்த்தால் கரகரப்பு மூன்றில் ஒரு பங்காகிவிடும், 16 சேர்த்தால் நான்கில் ஒரு பங்கு. அதே தூறல் கணக்குதான். தூறலை அதிக நேரம் விழவிட்டுப் பார்க்கிறோம், அவ்வளவே. அடுத்த ஆண்டு பிக்சல் 4-இல் 16 நொடிப் படங்களை 15 வரை சேர்த்து, போனிலேயே நட்சத்திரங்களை எடுக்க முடிந்தது. ஐபோனுக்கும் அந்த ஆண்டுதான் நைட் மோடு வந்தது.

ஆனால் படங்களை ஒன்றின் மேல் ஒன்று பொருத்த, காட்சி அப்படியே நிற்க வேண்டும். கோபுரம் நிற்கும். கோலம் நிற்கும். குழந்தை நிற்பாளா? அசைந்த பகுதியைப் போன் ஒரே ஒரு படத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். அங்கே மட்டும் மங்கலோ கரகரப்போ மிஞ்சும். அசைவை முன்கூட்டியே கண்டுகொண்டு ஒவ்வொரு படத்தையும் சுருக்கமாக எடுக்கும் போன்கள் இதில் தேறுகின்றன. இரவுக் கேமராவில் நல்லதையும் சுமாரையும் பிரிக்கிற இடம் இதுதான். விமர்சனங்களில் வரும் இரவுப் படங்களில் தெருவும் கட்டடமும் மட்டுமே இருந்தால் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

வீடியோ: தப்பிக்க வழியில்லாத இடம்

வீடியோ என்பது வேகமாக அடுத்தடுத்து வரும் படங்கள்தான், அதில் ஒரு படம் ஒரு ஃப்ரேம். நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் அதிகபட்சம் 1/30 நொடி. 60 ஃப்ரேம் என்றால் 1/60, அதாவது பாதி வெளிச்சம். நைட் மோடுபோல நொடிக்கணக்கில் காத்திருக்க வழியே இல்லை. இரவில் பிரமாதமாகப் படம் எடுக்கும் போன், அதே இடத்தில் வீடியோ எடுத்தால் புழுதி படிந்ததுபோல் தருவதற்கு இதுதான் காரணம். வீடியோவில் பெரிய சென்சாரும் பெரிய துவாரமும் ஏமாற்ற முடியாத உண்மைகளாக நின்றுவிடுகின்றன. இருட்டில் 60 ஃப்ரேமை விட்டு 30க்கு வாருங்கள், உடனே வித்தியாசம் தெரியும்.

மின் விளக்குகளால் வரும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுழற்சி. சுழற்சிக்கு இரண்டு தடவை என்று, விளக்குகள் பல நொடிக்கு 100 தடவை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் 1/100, 1/50 என்று இந்தத் துடிப்போடு பொருந்தினால் சரி, இல்லையென்றால் படத்தில் பட்டை பட்டையாகக் கருப்பு ஓடும். கல்யாண மண்டபத்தில் எடுத்த ஸ்லோமோஷன் வீடியோ விட்டுவிட்டு மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஃப்ரேமுக்கு 1/240 நொடிதான், துடிப்பை அது அப்படியே பிடித்துவிடுகிறது. போனில் கோளாறு இல்லை. வெயிலில் எடுத்தால் வராது.

ஆட்டம் குறைக்கவும் இரண்டு முறை உண்டு. ஓஐஎஸ் என்பது லென்ஸோ சென்சாரோ உண்மையிலேயே நகர்ந்து கை நடுக்கத்தை ஈடுகட்டுவது. இஐஎஸ் என்பது ஃப்ரேமின் ஓரங்களை வெட்டி, மிச்சத்தை மென்பொருளால் நிலைநிறுத்துவது. பகலில் இரண்டாவதே போதும். இரவில் ஒவ்வொரு ஃப்ரேமும் ஏற்கெனவே மங்கியிருக்கும், மங்கலை நிலைநிறுத்தி என்ன பயன்? நடந்துகொண்டே எடுத்தால் காட்சி நிற்கும், தெருவிளக்குகள் மட்டும் அதிரும். இரவு வீடியோ முக்கியம் என்பவர்கள் ஓஐஎஸ் இல்லாத போனை வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

4கே, 8கே பற்றிச் சுருக்கமாக. 1080பி ஒரு ஃப்ரேமுக்கு 2 மெகாபிக்சல், 4கே 8 மெகாபிக்சல், 8கே 33. ஐபோனின் செட்டிங்ஸ் திரை சொல்லும் கணக்குப்படி 1080பி, 30 ஃப்ரேமுக்கு நிமிடத்துக்கு சுமார் 60 எம்பி, 4கே 30 ஃப்ரேமுக்கு 170, 4கே 60க்கு 400. வீட்டு விசேஷங்களுக்கு 4கே 30 தாராளம். 8கே எடுக்கும் வசதிக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க மாட்டேன்.

சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால் இன்னொரு குறை வரும். ஓடும் பஸ்ஸிலிருந்து எடுத்தால் மின்கம்பங்கள் சாய்ந்து தெரிவது அதனால்தான். ஜன்னல் கம்பிகளுக்கு முன்னால் போனைச் சட்டென்று இடம் வலமாகத் திருப்பி வீடியோ எடுங்கள். கம்பி எவ்வளவு குறைவாகச் சாய்கிறதோ, சென்சார் அவ்வளவு வேகமானது.

கடையில் நிற்கும்போது

போன் கடையில் வெளிச்சம் அள்ளிக் கொட்டியிருக்கும். அங்கே எல்லாப் போனும் நல்ல போன். முதலில் லென்ஸைத் துடையுங்கள், பத்துப் பேர் விரல் பட்டிருக்கும். பிறகு மேசைக்கு அடியிலோ மூலையிலோ இருண்ட இடம் பாருங்கள். கூட வந்தவரை அங்கே கையை அசைக்கச் சொல்லி, இரண்டு போனிலும் பத்துப் பத்து எடுங்கள். எது மிக அழகான படம் என்று பார்க்காதீர்கள். பத்தில் எத்தனை தேறியது என்று எண்ணுங்கள். குழந்தை ஒரு தடவைதான் சிரிக்கும். அதே இடத்தில் பத்து நொடி வீடியோவும் எடுங்கள்.

ஒப்பிடும்போது பிரகாசமான படத்தை நம் கண் உடனே தேர்ந்தெடுத்துவிடும். அதை மட்டும் கொஞ்சம் அடக்க வேண்டும். பெரிதாக்கி முடி, கண்ணிமை, துணியின் நெசவைப் பாருங்கள். கரகரப்பை அழிக்கிறேன் என்று போன் முகத்தை மெழுகு பூசியதுபோல் ஆக்கியிருந்தால் தெரிந்துவிடும். வீட்டுக்குப் போய்ப் பார்க்க வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 'டாக்குமென்ட்' என்று அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் சுருக்கிவிடும், பிறகு ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது.

தங்கை போனை மாற்றவில்லை. தீபம் மூன்று நாள் வைப்பார்கள் இல்லையா, மறுநாள் மாலை மறுபடி முயன்றோம். நைட் மோடை நிறுத்தினோம். வாசல் விளக்கைப் போட்டோம், முகத்தில் அதன் வெளிச்சம் விழட்டும் என்று. ஓடுகிறவளைத் துரத்தாமல், அணைந்துபோன ஒரு அகலை ஏற்றச் சொல்லிக் கையில் சின்ன விளக்கைக் கொடுத்தாள் தங்கை. குழந்தை குனிந்து, திரி பற்றுகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அந்த ஒரு நொடி அசையவில்லை. படத்தில் கொஞ்சம் கரகரப்பு இருக்கிறது, பின்னால் சுவர் இருட்டாகத்தான் இருக்கிறது. இரண்டு கண்களிலும் சுடர் தெரிகிறது. தங்கை போனைத் திறந்தால் இப்போது அந்தப் படம்தான் முதலில் வருகிறது.